எந்த ஐகான் யாருடையது? எஸ்விஜி கோப்புகளும் உரிமக் குறிப்பும்

கேள்வி: எங்கள் இணையதளத்தில் நூற்றைம்பது எஸ்விஜி ஐகான்கள் (படத்தை எழுத்துக் கட்டளைகளாக வைத்திருக்கும் கோப்புகள்) இருக்கின்றன. நாலைந்து இடங்களிலிருந்து எடுத்தவை. எது எங்கிருந்து வந்தது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றின் கீழும் பெயர் போட வேண்டுமா? இனி எப்படிப் பராமரிப்பது?

ஒவ்வொன்றின் கீழும் போடத் தேவையில்லை. ஆனால் எது யாருடையது என்று தெரிந்தாக வேண்டும், அதற்குக் கோப்பே துப்புக் கொடுக்கும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து வியூபாக்ஸை (viewBox: படத்தின் எல்லையைக் குறிக்கும் நான்கு எண்கள்) பாருங்கள். '0 -960 960 960' என்றிருந்தால் கூகுளின் மெட்டீரியல் சிம்பல்ஸ் ஐகான் தொகுப்பு. உயரம் 512-ஆகவே நிற்க, அகலம் மட்டும் 448, 576, 640 என்று மாறினால் பெரும்பாலும் ஃபான்ட் ஆசம். 24-க்கு 24 சதுரம், உள்நிறம் இல்லாமல் 2 அளவுக் கோடு என்றால் ஃபெதர், லூசிட், டேப்ளர் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கோப்புக்குள் கிளாஸ் (class) பெயர் அழியாமல் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். எஸ்விஜி கோப்பைச் சுருக்கும் எஸ்விஜிஓ (SVGO) கருவி ஓடிய கோப்பில், வடிவத்தை வரையும் பாத் எண்கள் மாறியிருக்கும். எனவே கிட் (Git: கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வரலாற்றில் அந்தக் கோப்பு முதலில் சேர்ந்த கமிட்டை (பதிவை) எடுத்து மூலத் தொகுப்போடு ஒப்பிடுங்கள். அப்படியும் பிடிபடாத ஐகானைத் தூக்கிவிட்டு, உரிமம் தெரிந்த தொகுப்பிலிருந்து வேறொன்றை வைப்பதே நல்லது.

ஃபான்ட் ஆசமின் இலவச ஐகான்கள் சிசி பை 4.0 (CC BY: பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம்) உரிமத்தில் வருகின்றன. உருவாக்கியவர் பெயர், மூல இணைப்பு, உரிம இணைப்பு, நீங்கள் மாற்றியிருந்தால் அந்தத் தகவல் எல்லாம் வேண்டும். ஊடகத்துக்குப் பொருத்தமான நியாயமான முறையில் தந்தால் போதும் என்று உரிமமே சொல்கிறது. ஃபுட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதியில்) 'உரிமங்கள்' என்று ஓர் இணைப்பும் அதற்கொரு பக்கமும் போதுமானவை. ஃபெதர், டேப்ளர், ஹீரோஐகான்ஸ், பூட்ஸ்ட்ராப் ஐகான்ஸ் ஆகியவற்றுக்கு எம்ஐடி (MIT) உரிமம், லூசிடுக்கு ஐஎஸ்சி (ISC), மெட்டீரியலுக்கு அப்பாச்சி 2.0. இவற்றுக்குத் திரையில் பெயர் போட வேண்டியதில்லை, ஆனால் பதிப்புரிமை (copyright) வரியும் உரிம வாசகமும் பிரதியோடு போக வேண்டும். அதே பக்கத்தின் அடியில் முழுதாக ஒட்டிவிடுங்கள்.

உரிமக் குறிப்பு தொலைவது பெரும்பாலும் பில்டில்தான், அதாவது தளத்தை வெளியிடத் தயார்செய்யும் தானியங்கிக் கட்டத்தில்தான். ஃபான்ட் ஆசம் தன் குறிப்பைக் கோப்புக்குள்ளேயே கமெண்டாக (திரையில் தெரியாத குறிப்பாக) வைத்திருக்கிறது. ஆச்சரியக்குறியில் தொடங்கும் கமெண்டை எஸ்விஜிஓ விட்டுவைக்கும். மற்ற கமெண்டுகளும், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் உரிம விவரம் எழுதும் மெட்டாடேட்டாவும் இயல்பு அமைப்பிலேயே அழிந்துவிடும். ரியாக்ட் காம்போனென்டாக (ரியாக்ட் நிரலகத்தில் பயன்படும் நிரல் துண்டாக) மாற்றினாலோ பக்கத்தில் எந்தக் கமெண்டும் வந்து சேராது.

அதனால் கமெண்டை நம்பாதீர்கள். இறக்கிய கோப்புகளைத் தொகுப்புவாரியாகத் தனி ஃபோல்டர்களில், லைசென்ஸ் கோப்போடு, கை வைக்காமல் போட்டுவையுங்கள். சுருக்கிய கோப்புகள் வேறு ஃபோல்டருக்குப் போகட்டும். அவற்றின் அருகே ஒரு ஜேசன் (JSON) பட்டியல் கோப்பு: ஐகான் பெயர், தொகுப்பு, பதிப்பு எண், மூல இணைப்பு, உரிமம், செய்த மாற்றம். இதில் பதிவில்லாத ஐகான் ஒன்று இருந்தாலும் பில்ட் தோற்க வேண்டும். உரிமப் பக்கமும் இதே ஜேசனிலிருந்து தானாக உருவாக வேண்டும். 'சேர்ப்பவர் ஞாபகமாக எழுதிவிடுவார்' என்ற ஏற்பாடெல்லாம் வேலைக்கு ஆகாது.

எஸ்விஜிஓ 3 அல்லது அதற்கு முந்தையது என்றால், வியூபாக்ஸை நீக்கும் ப்ளகினை (துணை நிரலை) அணைத்துவையுங்கள். இல்லையேல் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸில் அளவைக் குறைக்கும்போது படம் சுருங்காமல் வெட்டுப்படும். 4-இல் அது இயல்பாகவே ஓடாது. கோப்புக்குள் உள்ள ஐடிக்களை (உறுப்புகளின் அடையாளப் பெயர்களை) எஸ்விஜிஓ 'ஏ', 'பி' என்று சுருக்குவதும் தொல்லை: கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) உள்ள இரண்டு ஐகான்களை ஒரே பக்கத்தில் இன்லைனாக, அதாவது பக்கத்தின் நிரலுக்குள்ளேயே, போட்டால், இரண்டாவதற்கு முதலாவதன் நிறம் ஏறிவிடும். ஐடிக்கு முன்னொட்டு சேர்க்கும் ப்ளகின் எஸ்விஜிஓவிலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் போன்ற லோகோக்களை மட்டும் தனியாகப் பிரித்துவையுங்கள். லோகோக்களுக்கான சிம்பிள் ஐகான்ஸ் தொகுப்பு சிசி0 (CC0: எந்த நிபந்தனையும் இல்லாத உரிமம்) என்றாலும் அதில் சில லோகோக்களுக்குத் தனி உரிமம் உண்டு. வணிகச்சின்ன உரிமையும் அந்தந்த நிறுவனத்திடமே இருக்கிறது. உங்கள் தளத்தின் நிறத்துக்கு ஏற்ப அவற்றை மாற்றும் முன் அந்த நிறுவனத்தின் பிராண்ட் விதிகளைப் படித்துவிடுங்கள்.