உயர்தரம் முடிந்தது, கம்பஸ் இன்னும் தொடங்கவில்லை: மாணவர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து உயர்தர மாணவர்களும் சில பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன், மாணவர் ஆலோசகராகவும் இருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பரீட்சை எழுதி முடித்து கம்பஸ் வாசலை மிதிக்கும் வரை பல மாதங்கள் ஓடும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெறுமதியான காலம் வேறில்லை என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த எண்ணத்திலிருந்து வந்தவைதான்.

களுவாஞ்சிகுடி, உயிரியல் பிரிவு மாணவி: மிஸ், சோதினை முடிஞ்சு வீட்டில இருக்கன். அம்மா ரெஸ்ட் எடு எண்டு சொல்றா, அப்பா கொம்பியூட்டர் கோர்ஸ் போ எண்டு சொல்றார். எதைச் செய்ய?

இரண்டு கிழமை நன்றாக நித்திரை கொள்ளுங்கள் மகள். பள்ளிக்கும் ரியூசனுக்குமாக ஓடிக் களைத்த உடம்பு அது. அதற்குப் பிறகு, தானாக எடுத்து வாசிக்கும் பழக்கத்தைத் தொடங்குங்கள். கொம்பியூட்டர் வகுப்பும் நல்லதுதான், ஆனால் அதற்கு இரண்டாம் இடம்.

உயர்தரத்தில் சேர் நோட் சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள். கடந்தகால வினாத்தாள் செய்து புள்ளித் திட்டத்தோடு ஒப்பிடுவீர்கள். எது வரும், எதை விடலாம் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். கம்பஸில் விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பேசுவார், இரண்டு மூன்று புத்தகங்களின் பெயரைத் தருவார், போய்விடுவார். வாசித்தீர்களா என்று எவரும் கேட்கமாட்டார்கள். இந்த நாட்டுப் பட்டப்படிப்புகளில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கு. அதில் விரிவுரை பெரும்பாலும் 15 மணித்தியாலம்தான். மிச்சம் 35 மணித்தியாலமும் நீங்களாக உட்கார்ந்து படிப்பது. வருசத்துக்கு 30 கிரெடிட் அளவில் வரும். அந்த 35 மணித்தியாலத்தை என்ன செய்வதென்று தெரியாமல்தான் நல்ல பெறுபேறோடு வந்த பிள்ளைகளும் முதல் செமஸ்டரில் தடுமாறுகிறார்கள்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகம் உயர்தர உயிரியலுக்கு வளநூல் வெளியிட்டிருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். இரண்டையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடமான ஒரு அலகை எடுங்கள், ஒளித்தொகுப்பு என்று வைப்போம். தமிழில் ஒரு பந்தி, அதே பந்தி ஆங்கிலத்தில். விசயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழியில் மட்டும் கவனம் போகும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததை ஆங்கிலத்தில் ஐந்து வசனம் எழுதிப் பாருங்கள். பிழை வரட்டும். யாரிடமும் காட்டத் தேவையில்லை.

கொக்கட்டிச்சோலை, கலைப் பிரிவு மாணவன்: எனக்கு இங்கிலீஸ் எண்டாலே பயம். கலைப்பீடம் தமிழில தானே, ஏன் மிஸ் இங்கிலீஸ் படிக்கணும்?

கலைப்பீடத்தில் பல பாடங்கள் தமிழில் நடக்கும், உண்மை. ஆனால் ஆங்கிலமும் ஒரு பாடமாக வரும், அதில் சித்தி பெற வேண்டும். புவியியலோ பொருளியலோ சமூகவியலோ, விசேட துறைக்குப் போனால் வாசிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். விஞ்ஞானம், முகாமைத்துவம், பொறியியல், மருத்துவம் என்றால் முதல் நாளிலிருந்தே ஆங்கிலம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் பேசக் கூச்சப்பட்டுப் பின்வாங்கில் ஒதுங்குவதை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். அவர்களுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. பள்ளியில் ஆங்கில ஆசிரியர் இல்லாமல் வருசக்கணக்கில் இருந்திருக்கும், அதற்குப் பிள்ளை என்ன செய்யும்? ஆனபடியால் பேச்சை முதலில் நினைக்காதீர்கள். கேட்கவும் வாசிக்கவும் பழகுங்கள். பேச்சு பின்னால் வரும்.

விரிவுரையில் குறிப்பெடுப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் கிழமையில் எல்லோரும் திரையில் வருவதை வரிக்கு வரி எழுதப் பார்ப்பார்கள். மூன்றாவது ஸ்லைட்டிலேயே கை பின்தங்கிவிடும், காதும் அடைத்துவிடும். ஸ்லைட் எப்படியும் பிறகு கையில் கிடைக்கும். கொப்பியில் இடது பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டுக் கோடு போடுங்கள். வலப்பக்கம் தலைப்பும், அவர் இரண்டு தரம் திருப்பிச் சொன்னதும், திரையில் இல்லாமல் வாயால் சொன்ன உதாரணமும் மட்டும். விளங்காத இடத்துக்கு நேரே இடது பக்கம் ஒரு கேள்விக்குறி. தமிழில் எழுதினாலும் சரி, கலந்து எழுதினாலும் சரி. அன்று பின்னேரமே அரை மணித்தியாலம் ஒதுக்கி அந்தக் கேள்விக்குறிகளுக்குப் பதில் தேடுங்கள். கிடைக்காதவற்றை அடுத்த வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் போய்க் கேளுங்கள். தமிழில் கேட்டாலும் பதில் சொல்லுவார்கள்.

சம்மாந்துறை, கணிதப் பிரிவு மாணவன்: அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். விண்ணப்பத்தில விருப்பத் தெரிவுகளை எப்படி ஒழுங்குபடுத்துறது? எங்கட இசட் ஸ்கோருக்குக் கிடைக்கக்கூடியதை மேல போடச் சொல்றாங்க.

வஅலைக்கும் ஸலாம் தம்பி. அப்படிச் செய்யாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் இசட் புள்ளிக்கு (வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணிக்கும் இசட் ஸ்கோர்) எட்டும் முதலாவது இடத்தைத் தரும். எட்டாத ஒன்றை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. எட்டக்கூடியதை மேலே போட்டால்தான், உண்மையில் விரும்பியது எட்டியிருந்தாலும் கிடைக்காமல் போகும். ஆகவே எதைப் படிக்க ஆசையோ அந்த ஒழுங்கில் போடுங்கள். விருப்பமே இல்லாத கற்கைநெறியைச் சும்மா நிரப்பவும் வேண்டாம். பதிந்துவிட்டுப் பிறகு மாறுவது கரைச்சல், அந்த நிபந்தனைகள் எல்லாம் அனுமதிக் கைநூலில் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்பாமல் உங்கள் வருசத்துக்குரிய கைநூலை முழுதாக வாசியுங்கள்.

வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு கற்கைநெறிக்கு இடம் கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளி, பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. ஆனால் இரண்டும் தனித்தனி மாவட்டம், தனித்தனி வெட்டுப்புள்ளி. மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்லாற்று மச்சானின் புள்ளியோடு அம்பாறை மாவட்டத்துப் பெரியநீலாவணையில் இருந்துகொண்டு ஒப்பிட்டுப் பயப்படுவதில் பிரயோசனமில்லை.

ஆரையம்பதி, நடனம் படித்த மாணவி: சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக ஆசை. இசட் ஸ்கோர் மட்டும் போதுமா?

போதாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, கல்லடியில் உள்ள அந்த நிறுவகத்தின் இசை, நடனம் போன்ற நெறிகளுக்குச் செய்முறை, உளச்சார்புப் பரீட்சைகள் உண்டு. அதற்கான அறிவித்தல் பிரதான விண்ணப்பத்திலிருந்து தனியாக வரும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டடக்கலை முதலான வேறு சில நெறிகளுக்கும் இதே முறைதான். புள்ளி இருந்தும் இந்த அறிவித்தலைக் காணாமல் விட்டு அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழக இணையத்தளத்தைக் கிழமைக்கு ஒரு தரமாவது பாருங்கள். ஆடுவதையும் நிறுத்திவிடாதீர்கள்.

அக்கரைப்பற்று, ஒரு தாய்: டீச்சர், மகளுக்கு சப்ரகமுவ கம்பஸ் கிடைச்சிருக்கு. சிங்கள ஊர், தூரம். அனுப்பப் பயமா இருக்கு. ஒலுவில் கம்பஸ் கிடைச்சிருந்தா பக்கத்தில இருந்திருப்பா.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது தங்கச்சி. ஆனால் பிள்ளையை அனுப்புங்கள். உங்கள் ஊருக்குள்ளால் போகும் ஏ4 பெருந்தெரு பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று ஏறி, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பெலிஹுல்ஓயாப் பக்கத்தாலேயே கொழும்புக்குப் போகிறது. ஒரே வீதிதான். முதல் தரம் நீங்களும் கூடப் போய் விடுதியையும் சாப்பாட்டு இடத்தையும் கண்ணால் பாருங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். மலைப்பக்கம் என்பதால் குளிர் உடுப்பும் நல்ல குடையும் வேண்டும்.

விடுதியில் பெரும்பாலும் முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் முன்னுரிமை கொடுப்பார்கள். இடையில் போடிங் எடுக்க வேண்டி வரலாம், அந்தச் செலவை இப்போதே மனதில் வையுங்கள். போக முன் மகள் நூறு சிங்கள வசனமாவது பழகட்டும்: கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் பேசுவதற்கு. சமைக்கவும், காய்ச்சல் வந்தால் தன்னைப் பார்த்துக்கொள்ளவும் பழக்குங்கள். முதல் மாதம் ஒவ்வொரு இரவும் போன் எடுத்து அழுவாள். அழுதால் உடனே "வந்திடு புள்ள" என்று சொல்லிவிடாதீர்கள். கேட்டுக்கொண்டிருங்கள். அனேகமாக இரண்டாம் மாதம் போன் குறையும்.

பெயர் சொல்ல விரும்பாத மாணவன்: இன்னும் கம்பஸ் தொடங்கவே இல்ல, சீனியர்மார் வாட்ஸ்அப் குறூப்பில சேர்த்து இரவில கோல் எடுத்துத் தூசணம் பேசச் சொல்றாங்க. சொன்னதைச் செய்யாட்டி பட்ச்சை விட்டு ஒதுக்குவமாம்.

தம்பி, இது பகிடிவதை. போனில் நடந்தாலும் பகிடிவதைதான். 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால் உயிரிழந்தான். அதன் பிறகு வந்ததுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரையும் சிறை விதிக்கலாம். உன்னைக் கூப்பிடும் பையனுக்கு இது தெரியாமலே இருக்கலாம்.

வந்த செய்திகளை அழிக்காதே. திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்சொட் எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடு. இரவுக் கோலுக்குப் பதில் சொல்லாதே. பீடத்தின் மாணவர் ஆலோசகரிடம் முறையிடு. மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் முறையிடலாம். நீ இன்னும் பதியவில்லை என்றாலும் சொல்லலாம்.

"ஒதுக்குவோம், நோட் தரமாட்டோம்" என்ற மிரட்டலுக்குத்தான் பிள்ளைகள் கூடப் பயப்படுகிறார்கள். நோட் சீனியரின் சொத்தில்லை. நூலகம் இருக்கிறது, விரிவுரையாளர் இருக்கிறார், உன்னைப் போலவே பயந்து வாய் மூடியிருக்கும் சக மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருவரைக் கண்டுபிடி. நல்ல சீனியர்மாரும் இருக்கிறார்கள், போடிங் தேடித் தருவார்கள், பழைய புத்தகம் தருவார்கள். அப்படிப்பட்டவர் எவரும் நடுச்சாமத்தில் உன்னை அவமானப்படுத்திவிட்டு அதைச் செய்வதில்லை. நித்திரை, சாப்பாடு குழம்பிச் சாகலாம் போல நினைப்பு வந்தால், முறைப்பாட்டை யோசிக்காதே, முதலில் அம்மா அப்பாவிடம் அந்த நிமிசமே சொல்.

வாழைச்சேனை, ஒரு தந்தை: கடல் தொழில் செய்றன். மகன் ரெண்டு தரம் எழுதியும் கம்பஸ் கிடைக்கல்ல. மூண்டாந்தரம் எழுத விடவா?

கம்பஸ் அனுமதிக்கு மூன்று தரம் எழுதலாம், அதற்கு மேல் இல்லை. மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள் அண்ணன்: எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் புள்ளி போனது என்று அவனுக்குச் சொல்லத் தெரிகிறதா? தெரிந்தால் எழுத விடுங்கள். "எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம்" என்றால் இன்னொரு வருசமும் அதே பெறுபேறுதான் வரும், வேறு வழியைப் பாருங்கள்.

வழிகள் கிட்டவே இருக்கின்றன. ஆரையம்பதி கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள் உயர் தேசிய டிப்ளோமா நடத்துகின்றன. ஆசிரியராக விருப்பமென்றால் தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி தேவையில்லை, மட்டக்களப்பிலேயே நிலையம் இருக்கிறது. கைவேலை நாட்டமுள்ள பிள்ளை என்றால் தொழில்நுட்பக் கல்லூரியில் தொடங்கி, என்விகியூ எனும் தேசிய தொழிற்தகைமைப் படிகளில் ஏழாம் மட்டமான பட்டம் வரை போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவித்தல், தனித்தனி முடிவுத் திகதி. வர்த்தமானியையும் பத்திரிகையையும் பாருங்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தை இங்கிருந்து படித்துத்தான் எடுத்தார்.

திருக்கோவில், வணிகப் பிரிவு மாணவி: மகாபொல வந்தா அதிலேயே சமாளிக்கலாமா? லப்டொப் கட்டாயமா?

மகாபொலப் புலமைப்பரிசிலின் மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகக் கூட்டுவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்ற உதவித்தொகை உண்டு. இரண்டுமே ஒரு மாதச் சாப்பாட்டுக்கே போதாது, முதல் கொடுப்பனவு கைக்கு வரவும் மாதங்கள் எடுக்கும். ஆகவே குறைந்தது மூன்று மாதச் செலவைச் சேர்த்துக்கொண்டு போங்கள். இப்போது வீட்டிலிருக்கும் காலத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தாலே அதில் ஒரு பகுதி சேரும். லப்டொப்புக்குக் கடன்பட வேண்டாம், முதல் செமஸ்டரைப் போனோடும் கம்பஸ் கணினிக் கூடத்தோடும் கடத்தலாம். எக்செல் மட்டும் பழகிக்கொண்டு போங்கள்.

கல்குடா, மாணவன்: பதிவுக்கு என்னென்ன ஆவணம் வேணும் மிஸ்? கடைசி நேரத்தில ஓடாம இப்பவே எடுத்து வைக்கணும்.

பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், கிராம சேவகர் சான்றிதழ். மூலமும், உறுதிப்படுத்திய பிரதிகளும். இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, உங்கள் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறப்பத்தாட்சியில் ஒரு முதலெழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருப்பது நம் பக்கம் சர்வசாதாரணம். சுனாமியிலும் இடப்பெயர்விலும் பத்திரங்கள் தொலைந்து பிறகு எடுத்த குடும்பங்களில் இன்னும் அதிகம். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள், திருத்தி எடுக்க நாள் செல்லும். தமிழில் உள்ள பிறப்பத்தாட்சிக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுக்கும்போது, அடையாள அட்டையில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போடச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழில் கடைசியில் அச்சாவது அந்தப் பெயர்தான்.