நோட்டு எண்ணும் இயந்திரம் ஓடும் நேரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வங்கிக் கிளையில் காசாளராக இருக்கிறேன். மூன்று பேர் பார்க்க வேண்டிய கவுண்டரை இரண்டு பேர் பார்க்கிறோம். இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கச் சொல்லி டார்கெட் வேறு. தோழி சொன்னாளென்று ஒரு மொபைல் செயலியை வைத்து இரண்டு மாதமாகத் தினம் பத்து நிமிடம் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற தியானம் செய்கிறேன். மூச்சைக் கவனி என்றால் மனசு கிளைக்கே ஓடுகிறது. நேற்று மகன் பாடத்தில் சந்தேகம் கேட்டதற்குக் கத்திவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. இது எனக்கு வராது என்று விட்டுவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

விட்டுவிடாதீர்கள். மனசு கிளைக்கு ஓடியது உங்களுக்குத் தெரிந்ததல்லவா? அது தெரிவதற்குத்தான் இத்தனை பயிற்சியும்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று சொல்வது, பௌத்த நூல்களின் பாலி மொழியில் ‘ஸதி’. வடமொழியில் ஸ்மிருதி, அதாவது நினைவு. ‘சட்டென்று நினைவு வந்தது’ என்கிறோமே, அதேதான். பத்து நிமிடத்தில் நாற்பது முறை ஓடி, நாற்பது முறை நினைவு வந்து மூச்சுக்குத் திரும்பினீர்களென்றால் நாற்பது முறை செய்திருக்கிறீர்கள். சில செயலிகளில் புல்லாங்குழலையும் கடலலையையும் ஒலிக்கவிட்டு, உட்கார்ந்ததும் அமைதி வந்துவிடும் என்று நம்ப வைக்கிறார்களே, அதில்தான் எனக்கு வருத்தம். வராதபோது உங்களைப் போன்றவர்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

இது துறவிகளுக்கு உரியது, ரொக்கத்தோடும் தணிக்கையோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஒத்துவராது என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களிடம் நான் பர்மாவின் ஊ பா கின்னைப் பற்றிச் சொல்வேன். கணக்குத் துறையில் எழுத்தராக இருந்து, பர்மா விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4 அன்று அந்நாட்டின் அக்கவுன்டன்ட் ஜெனரல், அதாவது அரசின் தலைமைக் கணக்கு அதிகாரி ஆனவர். 1937-இல் ஒரு விவசாயியிடம் இந்தப் பயிற்சியைக் கற்றார். பின்னாளில் தன் அலுவலக ஊழியர்களுக்கே கற்றுத்தந்தார். தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் அவரிடம் போன வியாபாரிதான் கோயங்கா. விபஸ்ஸனா என்ற பெயரில் இந்தத் தியான முறையை 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அவர். சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்திலும் அந்த வழியில் ஒரு மையம் இருக்கிறது.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் மைண்ட்ஃபுல்னெஸையே எட்டு வாரப் பயிற்சியாக்கினார். வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலிக்காரர்கள். வீட்டிலும் தினம் முக்கால் மணி நேரம் செய்யச் சொன்னார். வலி போய்விடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. வலி வேறு, ‘இனி என் வாழ்க்கை அவ்வளவுதான்’ என்று அதன் மேல் ஏறி உட்காரும் எண்ணம் வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக்கினார்.

உங்களுக்கு முக்கால் மணி நேரம் எங்கே கிடைக்கும்! ஒன்று செய்யுங்கள். நோட்டுக்கட்டை எண்ணும் இயந்திரத்தில் வைத்தால் அது ஓடி நிற்கச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் வரிசையைப் பார்க்காதீர்கள், அடுத்த டோக்கனைக் கூப்பிடாதீர்கள். இரண்டு பாதங்களும் தரையில் படுவதை உணருங்கள். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரட்டும். இயந்திரம் நின்றதும் வேலையைப் பாருங்கள். டார்கெட் கேட்டு மேலாளர் பேசும்போது தாடை இறுகுகிறதா, வயிறு பிசைகிறதா என்று கவனியுங்கள். இறுக்கத்தைத் தளர்த்தக்கூட வேண்டாம், தெரிந்தால் போதும். மகனிடம் கத்துவதற்கு முன்னும் அந்தத் தாடை இறுகியிருக்கும். அங்கே பிடித்துவிட்டால் பாதிக் கத்தல் குறையும். என் வீட்டில் அப்படித்தான் குறைந்தது.

ஆனால் மூன்றாவது ஆள் இல்லாதது உங்கள் மனதின் கோளாறு அல்ல. அதை மூச்சால் சரிசெய்ய முடியாது. ஊழியர் சங்கத்தில் பேசுங்கள், எழுத்தில் கேளுங்கள். இந்தத் தூக்கமின்மை சில வாரங்களாக நீடிக்கிறதென்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416, கட்டணம் கிடையாது. கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறது என்றால் உட்கார வேண்டாம், நடந்துகொண்டே பாதங்களைக் கவனியுங்கள்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். அமைதி வந்ததா என்பதைவிட, கவுண்டரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை நினைவு வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.