எழுதிவைக்காமல் வாசித்தவர்: கீத் ஜாரெட் பற்றிச் சில கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் பியானோ கற்றுத்தரும் ஆசிரியர் பதிலளிக்கிறார்.

சித்தூர், வாய்ப்பாட்டு மாணவி: மாஸ்டர், எதையும் எழுதிவைக்காமல் ஒரு மணி நேரம் பியானோ வாசிக்க முடியுமா?

முடியும், அம்மா. தோடி ஆலாபனையை நீங்கள் தாளைப் பார்த்தா பாடுகிறீர்கள்? ராகத்தின் பிடிகள், அதாவது அதற்கே உரிய சிறு ஸ்வரக் கோவைகள், தொண்டையில் ஊறியிருக்கின்றன. மனோதர்மம், அந்தக் கணத்தின் கற்பனை, அவற்றைக் கோத்துக்கொண்டு போகிறது. ஆனால் நமக்கு ராகம் என்ற வரம்பு உண்டு. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் தம் தனிக் கச்சேரிகளில் அதைக்கூட முன்கூட்டித் தீர்மானிக்காமல் உட்கார்ந்தார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

செம்பை, மிருதங்க மாணவர்: ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜாரெட் செய்த கச்சேரியில் பியானோ சரியில்லை என்கிறார்களே?

உண்மைதான். 1975 ஜனவரி 24, இரவு பதினொன்றரை மணி. அவர் கேட்ட பியானோவுக்குப் பதிலாகச் சுருதி சேராத ஒரு சிறிய பியானோ மேடையில் நின்றது. மேல்ஸ்தாயி தகரம்போல் ஒலித்தது, கீழ்ஸ்தாயியில் கனமில்லை, பெடலும் சரியில்லை. வாசிக்க மறுத்தவரை, கச்சேரியை ஏற்பாடு செய்திருந்த பதினெட்டு வயதுப் பெண் வேரா பிராண்டெஸ் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். ஜாரெட் பெரும்பாலும் நடுக்கட்டைகளிலேயே நின்றார். இடது கை ஒரே நடையைத் திரும்பத் திரும்ப வாசித்தது. உங்கள் மிருதங்கம் பாட்டைத் தாங்குவதுபோல அது வலது கையைத் தாங்கியது. பழுதான பியானோதான் அந்த இசையைத் தந்தது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று வயது நிறையும் முன்பே பியானோ முன் உட்கார்ந்த கை அது.

வேலந்தாவளம், ஒரு தாய்: மகன் பாடத்தை விட்டுவிட்டு மனம்போன போக்கில் வாசிக்கிறான். கண்டிக்கலாமா?

கண்டிக்காதீர்கள். முதலில் பாடம், பிறகு அரை மணி நேரம் அவன் இஷ்டம். ஜாரெட் பாக், மொசார்ட் இருவரையும் வாசித்துப் பதிவு செய்தவர். ஆர்ட் பிளேக்கி, சார்லஸ் லாய்ட், மைல்ஸ் டேவிஸ் ஆகிய ஜாஸ் கலைஞர்களின் குழுக்களில் பக்கத்தில் வாசிப்பவரைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகிய பிறகுதான் தனி மேடை அவருக்குப் பெயர் தந்தது.

மீனாட்சிபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஜாரெட் இப்போதும் கச்சேரி செய்கிறாரா?

இல்லை, ஐயா. 1996இல் தீராத களைப்பு நோய் அவரை முடக்கியது. மீண்டு வரும்போது வீட்டிலேயே எளிய மெட்டுகளை மெல்ல வாசித்துப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். 2017 பிப்ரவரியில் நியூயார்க் கார்னகி அரங்கில் வாசித்ததே கடைசிக் கச்சேரி. 2018இல் இரண்டு முறை பக்கவாதம் வந்தது. செயலிழந்தது இடது கை, கொலோனில் அந்த நடையை விடாமல் வாசித்த அதே கை.