சாணக் குழியில் போட்ட மோட்டார் அடிக்கடி அடைக்கிறது. என்ன பம்ப் போடலாம்?

கேள்வி: எங்களிடம் 18 மாடுகள் இருக்கின்றன. சாணம், மூத்திரம், கொட்டகை கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரே குழியில் சேர்கிறது. அதை 120 மீட்டர் தள்ளி இருக்கும் தீவனப்புல் வயலுக்குக் கொண்டுபோக, கிணற்றில் முன்பு ஓடிய 3 ஹெச்.பி. மூன்று பேஸ் மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக வருவது) எடுத்துப் போட்டோம். குழாய் 63 மி.மீ. ஐந்து நிமிடம் ஓடுகிறது, அப்புறம் தள்ளல் நின்றுவிடுகிறது. பிரித்தால் வைக்கோலும் கயிற்றுத் துண்டும் சுற்றிக் கிடக்கின்றன. இரண்டு முறை மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது. சுரங்கத்தில் ஓடிய பழைய ஸ்லரி பம்ப் ஒன்று விலைக்கு வருகிறது, அதை வாங்கலாமா? இன்னொன்று: கிணற்றில் இப்போது இருக்கும் மோட்டார் பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கிறது. ஏன்?

பதில்: அந்தப் பழைய ஸ்லரி பம்பை வாங்க வேண்டாம். அது மணல், தாதுப்பொடி, சாம்பல் போன்ற கடினமான துகள் கலந்த நீரைத் தள்ளச் செய்தது. துகள் உரசி இரும்பைத் தின்னும் என்பதால் உள்பாகங்களைக் குரோமியம் அதிகம் சேர்ந்த வார்ப்பிரும்பிலோ ரப்பரிலோ தடிமனாகச் செய்திருப்பார்கள். வேகம் கூடினால் தேய்மானம் பல மடங்கு ஏறும் என்று மெதுவாக ஓட்டுவார்கள். பல மாடல்களில், தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கிளாண்டுக்குத் தனியாக நல்ல தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு ஏற்பாடும் தேய்மானத்துக்கு எதிரானது. உங்களுக்கு இருக்கும் தொல்லை இழை சுற்றிக்கொள்வது. வைக்கோல் அதன் இம்பெல்லரிலும் (நீரைத் தள்ளச் சுழலும் இறக்கைச் சக்கரம்) சுற்றும். போதாக்குறைக்கு, பெரிய அளவு நீருக்குச் செய்த பம்பை உங்கள் சின்னக் குழாயில் பூட்டினால் அது தனக்குரிய நீரளவில் ஓடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும்.

இப்போது இருக்கும் மோனோபிளாக் ஏன் அடைக்கிறது என்பது அதன் இம்பெல்லரைக் கையில் எடுத்தாலே தெரியும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே வளைந்த இறக்கைகள், இடையே விரல்கூட நுழையாத சந்து. நல்ல தண்ணீருக்கு இதைவிடச் சிக்கனமான அமைப்பு இல்லை. ஆனால் ஒரு வைக்கோல் இழை இறக்கையின் முனையில் குறுக்கே விழுந்து, அதன் மேல் அடுத்தது விழுந்து, ஐந்து நிமிடத்தில் வாய் அடைந்துவிடும்.

பம்ப் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். குழியை நன்றாகக் கலக்கிய பிறகு, நீளக் கம்பில் கட்டிய வாளியால் வெளியே நின்றபடியே கொஞ்சம் மொண்டு, சரியாக 1 கிலோ எடுத்து அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். எடை இனிக் குறையவில்லை என்னும் வரை காயவிட்டு நிறுத்துப் பாருங்கள். 50 கிராம் மிஞ்சினால் திடப்பொருள் 5 சதவீதம். 100 கிராம் மிஞ்சினால் 10 சதவீதம். புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனோடு சம எடை தண்ணீர் கலந்தால் 8 முதல் 10 சதவீதத்துக்குள் நிற்கும். 5 சதவீதம் வரை அது ஏறக்குறைய தண்ணீர் மாதிரி ஓடும். அதற்கு மேல் போகப் போகக் கூழ் பதம் வந்து, குழாயில் உராய்வு தண்ணீருக்குப் போட்ட கணக்கைத் தாண்டி ஓடும். 10 சதவீதத்தைத் தாண்டினால் இம்பெல்லர் சுற்றித் தள்ளும் சுழல் விசைப் பம்பு எதுவும் உங்கள் 120 மீட்டருக்குத் திருப்தியாக வேலை செய்யாது. திருகு பம்ப் தள்ளும். ஆனால் அதை ஒரு நிமிடம் காய்ந்து ஓடவிட்டாலே உள்ளே இருக்கும் ரப்பர் கருகிவிடும், சிறு கல் புகுந்தாலும் கிழியும். கழுவும் தண்ணீரைச் சேர்த்து 5, 6 சதவீதத்தில் வைத்துக்கொள்வது உங்களுக்கு மலிவு, வயலுக்கும் தண்ணீர் தேவைதானே.

உங்களுக்குப் பொருந்துவது கழிவுநீருக்கென்று வரும் நீர்மூழ்கிப் பம்ப். அதில் இரண்டு வகை. ஒன்றில் இம்பெல்லர் பின்சுவரோடு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். முன்னால் முழுக்க வெற்றிடம். அது சுழல்வதால் உண்டாகும் நீர்ச்சுழலே கழிவை வெளியே தள்ளும், பெரும்பாலான கழிவு இறக்கையைத் தொடுவதே இல்லை. 50 மி.மீ. உருண்டை நுழைந்து வெளியேறும் என்று அளவு கொடுத்திருப்பார்கள். இதன் குறை மின்சாரம்: நல்ல தண்ணீர் பம்ப் 60, 70 சதவீதத் திறனில் ஓடும் இடத்தில் இது 40, 50 தருவதே பெரிது. இன்னொரு வகையில் உறிஞ்சும் வாயிலேயே கத்தி சுழன்று இழையைத் துண்டாக்கி உள்ளே அனுப்பும். வைக்கோலும் தீவன மிச்சமும் வரும் குழிக்கு நான் கத்தி வைத்ததைத்தான் சொல்வேன். ஆனால் மணல் வந்தால் கத்தி மழுங்கிவிடும். மழுங்கிய கத்தி வெட்டாது, இழையை மடித்து இழுத்து நசுக்கும். அப்போது மறுபடி அடைப்புதான்.

ஆகவே மணலைக் குழிக்கு முன்பே நிறுத்துங்கள். கொட்டகையிலிருந்து வரும் வாய்க்காலில், குழிக்கு ஓரிரு மீட்டர் முன்னால் சின்னத் தொட்டி ஒன்று கட்டி, நீர் அதில் நிதானித்து மேல் விளிம்பு வழியாக வழியும்படி விட்டால் மணலும் கல்லும் அடியில் தங்கும். மண்வெட்டியால் வாரிக்கொள்ளலாம். தொட்டிக்குப் பக்கத்திலேயே சாய்வாக ஒரு கம்பி வலை. மாட்டைக் கட்டும் கயிற்றின் அறுந்த முனைகள், சாக்கு நூல், ரப்பர் விரிப்பின் பிய்ந்த ஓரம் எல்லாம் அங்கே நிற்கட்டும். நைலான் கயிற்றைக் கத்தியும் வெட்டாது, தண்டில் சுற்றிச் சீலை அறுத்துவிடும். இந்தத் தொட்டியையும் வலையையும் முதலில் கட்டுங்கள், பம்ப் அடுத்த மாதம் வாங்கினாலும் பரவாயில்லை.

அடுத்தது, நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புவது. குழிக்குள் இறங்கவே கூடாது. அடைப்பு எடுக்க, விழுந்த சாவியை எடுக்க, நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சைச் சரி செய்ய, எதற்கும் இறங்க வேண்டாம். ஆறிக்கிடக்கும் சாணக் கரைசலைக் கலக்கும்போது அடைந்திருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஒரேயடியாக வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது, குழியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘நாற்றம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து அதிகம். சில நூறு பிபிஎம்மைத் தாண்டினால் சில மூச்சுகளிலேயே மயங்கி விழுவார்கள். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் பல நாடுகளிலும் உண்டு. ஆகவே பம்பை மேலே நின்றே தூக்கும்படி சங்கிலியும் வழிகாட்டிக் குழாயும் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். மின்கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கம்பி நுழையும் இடத்தில் தளர்ந்து நீர் புகும். கலக்கும் நேரத்தில் காற்று வரும் திசையில் நில்லுங்கள், குழிக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் மாடுகளையும் அவிழ்த்து விலக்குங்கள். மீத்தேனும் வரும், அதனால் நெருப்பு வேண்டாம். குழி மூடியிருந்தால் வாயுவைப் பற்றவைக்காத வகை மோட்டார்தான் போட வேண்டும்.

இனி காயில் எரிந்த கதைக்கு வருவோம். ஸ்டார்ட்டரில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் பம்பைப் பிரிக்காமலே நோயைக் கண்டுபிடிக்கலாம். பெயர்ப்பலகையில் முழுச்சுமை ஆம்பியர் இருக்கும், 3 ஹெச்.பி. மூன்று பேஸ் மோட்டாருக்கு 400 வோல்ட் வாக்கில் அது 5 ஆம்பியரை ஒட்டி இருக்கும். தள்ளல் நின்றபோது முள் கீழே இறங்கியிருந்தால், பம்புக்குள் நீரோட்டம் இல்லை: உறிஞ்சும் வாய் அடைத்திருக்கிறது, அல்லது காற்று வாங்குகிறது, அல்லது டெலிவரி குழாய் அடைத்திருக்கிறது. முள் மேலே ஏறியிருந்தால் ஏதோ பிடிக்கிறது: இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் நடுவே இழை இறுகியிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், கரைசல் கெட்டியாக இருக்கலாம். அதிகம் பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். அடைத்தால் கரண்ட் ஏறும் என்று எதிர்பார்த்து, முள் இறங்கியதும் ‘மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று ஓடவிடுவார்கள். உள்ளே நிற்கும் நீர் சூடேறிச் சீல் கருகிவிடும்.

இரண்டு முறை காயில் போனது என்றால், கரண்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று குமிழைத் திருப்பிவிட்டால் அப்புறம் காயில்தான் ஃபியூஸ். அதைப் பெயர்ப்பலகை அளவுக்கே திருப்பி வையுங்கள். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் வேண்டும். ஒரு பேஸ் இல்லாமல் ஓடும் மோட்டாரில் மற்ற இரண்டு பேஸ்களில் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கு ஏறும். காயில் கட்டி வந்த பிறகு தள்ளல் முன்னைவிடக் குறைவாகத் தெரிந்ததா? அப்படியானால் சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதனால் பலர் கவனிப்பதில்லை. ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். புதுப் பம்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கரும் நல்ல எர்த்தும் கட்டாயம்; ஈரத் தரையும் மாடும் இருக்கும் இடம்.

குழாய்க்கு வருவோம். கரைசல் வேகமாக ஓடாவிட்டால் மிச்ச மணல் குழாயின் அடியில் படியும். விநாடிக்கு 1 மீட்டர் வேகமாவது வேண்டும். உங்கள் 63 மி.மீ. குழாயின் உள்விட்டம் 57 என்று வைத்தால், அது நிமிடத்துக்குச் சுமார் 150 லிட்டர். 200 லிட்டர் டிரம்மை வயல் முனையில் வைத்துப் பிடியுங்கள். 80 விநாடிக்குள் நிறைந்தால் சரி. எல்போக்களை எடுத்துவிட்டு நீள வளைவு பெண்டு போடுங்கள். சுருள்வில் வைத்த நான் ரிட்டர்ன் வால்வில் வைக்கோல் மாட்டும், பந்து வகை வாங்குங்கள். பம்பிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒரு டீ வைத்து, ஒரு கிளையைக் குழிக்குள்ளேயே திருப்பி விடுங்கள். முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் அதில் ஓட்டினால் மேலே கட்டியிருக்கும் ஆடை உடைந்து கலங்கும், பிறகு வயல் வால்வைத் திறக்கலாம். வாயு வெளிவருவதும் இந்த நேரத்தில்தான், நினைவில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டுங்கள். 120 மீட்டர் குழாயின் கொள்ளளவே 300 லிட்டர், எனவே அந்த அளவாவது போக வேண்டும். குழாயில் காய்ந்த சாணத்தை அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

பம்பை அடியில் உட்கார வைக்காமல் ஒரு முழம் உயர்த்தி மேடையில் வையுங்கள். மோட்டார் எப்போதும் மூழ்கியிருக்கும் மட்டத்தில் ஃப்ளோட் சுவிட்ச் நிறுத்த வேண்டும். வெளியே தெரிந்தால் சூடேறும். சீலுக்கு மேலே இருக்கும் எண்ணெய் அறையை ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் கீழ்ச் சீல் கசிய ஆரம்பித்துவிட்டது. அந்தச் சமயத்தில் மாற்றினால் காயில் தப்பும்.

கிணற்று மோட்டார் விஷயம் எளிது. பகல் முழுக்க விடாமல் எடுக்கிறது என்கிறீர்கள். உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் ஓடும்போதே காற்று வாங்கி விட்டுவிட்டு வரும், நீர் வெள்ளையாக நுரைக்கும். அது இல்லாததால், உறிஞ்சும் குழாயின் அடியில் நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு வழியாகத்தான் தண்ணீர் இரவில் மெல்ல இறங்குகிறது. வாஷர் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் மணல் ஒன்று இடையில் உட்கார்ந்திருக்கும். சாணியைக் கரைத்து ஊற்றி அடைப்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டு நாள் தாங்கும், அப்புறம் அதே கதை. வால்வை மேலே எடுத்து வாஷரை மாற்றி, அடி வலையைச் சுத்தம் செய்யுங்கள். இறக்கும்போது, கோடையில் நீர் இறங்கினாலும் வால்வு இரண்டு அடி ஆழத்திலாவது இருக்குமா என்று பாருங்கள். பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 6, 7 மீட்டருக்கு மேல் போனால் புது வால்வும் உதவாது. காற்றழுத்தம் தூக்கக்கூடிய உச்சமே கடல் மட்டத்தில் 10.3 மீட்டர், உராய்வும் வேகமும் அதில் பங்கு எடுத்துக்கொள்ளும். அந்த எல்லையை நெருங்கும்போது பம்புக்குள் சரளைக்கல் உருள்வது போலச் சத்தம் கேட்கும். கேட்டால் பம்பைக் கீழே இறக்கி வைக்க வேண்டும்.

வால்வு மாற்றிய பிறகும் காலையில் தண்ணீர் இறங்கியிருந்தால் கிளாண்டைப் பாருங்கள். ஓடும்போது சொட்டுச் சொட்டாக, நிமிடத்துக்கு 40, 60 சொட்டு விழுவதுதான் முறை. சொட்டே இல்லாமல் காய்ந்திருந்தால் கயிறு இறுகிப்போய்த் தண்டைத் தின்றுகொண்டிருக்கும், நின்ற பிறகு அந்த வழியாகவே காற்று நுழையும். புதுக் கிளாண்டுக் கயிறு போட்டு, நட்டைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் முடுக்கி, ஓடவிட்டுச் சொட்டைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.