அப்பாவிடம் சொல்லாத ஒரு வரி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 37 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 9 வயதில் பெற்றோருடன் இங்கிலாந்து வந்தவள். கிரேக்கமும் லத்தீனும் படித்து, பிளேட்டோவின் ‘ஃபைட்ரஸ்’ உரையாடலை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினேன். பிறகு ஆறு வருடத்தில் நான்கு பல்கலைக்கழகங்கள், எல்லாமே தற்காலிக ஒப்பந்தம். கடைசி ஒப்பந்தம் ஜூனில் முடிந்தது.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஊரில் தமிழாசிரியராக இருந்தவர், இங்கே பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து என்னைப் படிப்பித்தார். ஞாயிறுதோறும் போனில், “இந்தக் கிழமை என்ன படிப்பிக்கிறாய் பிள்ளை?” என்று ஆசையாகக் கேட்பார். போன வருடப் பாடங்களைச் சொல்லிச் சமாளிக்கிறேன். கிரேக்கப் புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு அடைக்கிறது. தூக்கமும் இல்லை. இந்தப் படிப்பு இல்லாவிட்டால் நான் யார்?

ஒரு வாசகி, லீட்ஸ்

அன்புத் தங்கைக்கு,

வேலை போன துக்கத்தைவிட அதை ஒளித்து வைக்கும் பாரம்தான் உங்களை அதிகம் அழுத்துகிறது என்று நினைக்கிறேன். தூக்கமின்மையையும் நெஞ்சடைப்பையும் இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் துறையிலேயே, ஆங்கிலக் கவிஞரும் லத்தீன் அறிஞருமான ஏ. ஈ. ஹவுஸ்மன் 1881இல் ஆக்ஸ்ஃபோர்டு இறுதித் தேர்வில் தோற்றார். பத்தாண்டுகள் லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மாலையில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து லத்தீன் கவிகளைப் படித்துக் கட்டுரை எழுதினார். 1892இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் லத்தீன் பேராசிரியர் ஆனார். உங்களுக்கும் அப்படிக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. இன்று அந்தப் பதவிகள் மிகக் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய விண்ணப்பக் கடிதம். 1881இல் தான் தோற்றதை அதில் அவரே ஒரு வாக்கியத்தில் எழுதியிருந்தார். சாக்கு எதுவும் சொல்லவில்லை.

நீங்களும் அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள்: ‘ஜூனில் என் வேலை முடிந்தது, அடுத்தது இன்னும் கிடைக்கவில்லை.’ அதைப் போனில் சொல்ல வேண்டாம். நேரில் போய், அப்பாவோடு தேநீர் குடிக்கும்போது சொல்லுங்கள். தமிழ் படிப்பித்த கையால் பெட்ரோல் நிலையத்தில் காசு வாங்கிப் போட்டவர் அவர். பதவி போன பிறகும் படிப்பு உள்ளே கிடந்து தவிப்பது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அந்த இரவுகளில் எந்தப் பாட்டை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள். நீங்கள் இதுவரை அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.