என் பக் நாய் சாப்பாட்டை மெல்லாமல் விழுங்கிவிட்டு மூச்சு வாங்குகிறது. மெதுவாகச் சாப்பிட வைப்பது எப்படி?

எங்கள் வீட்டிலும் ஒரு பக் இருக்கிறது. பெயர் போண்டா. வைத்த சாப்பாட்டை ஒரு நிமிடத்தில் காலி செய்துவிட்டு 'கர்ர் கர்ர்' என்று இழுத்து இழுத்து மூச்சு விடும். சில நாள் தின்றது அப்படியே முழுசாகத் தரைக்கு வந்துவிடும்.

நான் முதலில் செய்த தப்பு, மெதுவாகச் சாப்பிட வைக்கும் கிண்ணம் என்று ஆன்லைனில் விற்பதை வாங்கியது. உள்ளே உயரமான தடுப்புகள் வளைந்து வளைந்து போகும். லேப்ரடாருக்குச் சரி, நீண்ட மூக்கை உள்ளே விட்டுத் துழாவும். பக்குக்கு ஏது மூக்கு? முகத்தையே அழுத்தினால்தான் அடியில் இருப்பது நாக்குக்கு எட்டும். அதற்குள் மூக்குத் துவாரம் அடைபடும், வெளியே துருத்திய கண் தடுப்பில் உரசும்.

பக், ஷிட்ஸு, ஃபிரெஞ்சு புல்டாக் எல்லாவற்றுக்கும் மண்டையோடு குட்டை. ஆனால் உள்ளே இருக்கும் மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மெத்தென்ற சதை, அந்த அளவுக்குக் குட்டையாவதில்லை, பல நாய்களுக்குத் தொண்டையில் தொங்கிக் காற்று போகும் வழியை ஓரளவு மறைக்கும். விழுங்கும்போது எந்தப் பிராணியும் மூச்சை நிறுத்தியாக வேண்டும். ஏற்கெனவே காற்றுக்குத் திண்டாடும் நாய் அவசர அவசரமாக விழுங்கினால் சோற்றோடு காற்றும் வயிற்றுக்குப் போகிறது. மென்று தின்னும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நாய்க்கு 42 பல், அத்தனையும் அந்தச் சின்னத் தாடையில் கோணல்மாணலாக நெருக்கிக்கொண்டு நிற்கும்.

எனக்குக் கைகொடுத்தது பழைய இட்லித் தட்டு. குழிகள் ஆழமில்லாமல் அகலமாக இருப்பதால் மூக்கு வெளியிலேயே இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு ஸ்பூன் சோறு. ஒரு குழியை நக்கிவிட்டு அடுத்ததற்கு நகரும்போது தானாக ஒரு மூச்சு கிடைக்கிறது. தட்டு வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி. பணியாரக் கல்லிலும் முயன்றேன், குழி ஆழம், முகம் மாட்டிக்கொள்கிறது. சிலர் கிண்ணத்தில் கல்லைப் போடச் சொல்வார்கள். வேண்டாம். சின்னக் கல் தொண்டைக்குள் போய்விடும், பெரிய கல் கண்ணில் இடிக்கும்.

டாக் ஃபுட் போடுவதாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வையுங்கள். களி மாதிரி ஆகவிடாதீர்கள், மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். ஒரு நாள் அளவை மூன்று வேளையாகப் பிரிக்கலாம். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் தனி அறையில் வையுங்கள், போட்டி வந்தாலே வேகம் கூடும். வாக்கிங் போய் இளைத்துக்கொண்டு வந்ததும் தட்டை நீட்டாதீர்கள், மூச்சு அடங்கட்டும். நம்ம ஊர் மே மாதத்தில் இது ரொம்ப முக்கியம்.

ஒன்றைக் கவனியுங்கள். வயிறு குலுங்கி எடுத்தால் வாந்தி. குலுங்காமல், செரிக்காத சோறு சும்மா வழிந்து வந்தால் அது உணவுக்குழாய் சமாச்சாரம். அடிக்கடி நடந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குத் துவாரத்தை அகலமாக்கவும் நீண்ட அண்ணத்தைக் குறைக்கவும் ஆபரேஷன் உண்டு, தேவையா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நாக்கோ ஈறோ நீலமாக மாறினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அப்புறம், தயிர்சாதம் போட்ட நாளில் முக மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள். போண்டாவுக்கு நான் ஒருநாள் மறந்து, மறுநாள் காலையில் மூக்குக்கு மேல் மடிப்பிலிருந்து புளித்த பருக்கையை எடுத்தேன்.