உப்போடு சர்க்கரை எதற்கு?

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவளுக்கு வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மா, “பேதிக்குச் சர்க்கரை ஆகாது, உப்புத் தண்ணி மட்டும் கொடு” என்றார். மகளோ படுத்தபடியே, “உப்பு அதிகமா இருக்கிற பக்கம்தான் தண்ணி போகும்னு புக்ல இருக்கு. அப்போ குடலுக்குள்ள உப்பு போட்டா உடம்புத் தண்ணி வெளியேதானே வரும்?” என்கிறாள். இருவருக்கும் என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் இதற்குள் தேறியிருப்பாள் என்று நம்புகிறேன். அந்த நிலையிலும் இப்படிக் கேட்ட பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அவள் சொல்லும் சவ்வூடு பரவலை மெரினாவிலேயே பார்க்கலாம். கீறிய மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்களே, அதை உடனே கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லுங்கள். கீறலுக்குள் தண்ணீர் கோத்து நிற்கும், விரலிடுக்கில் வழியும். மாங்காயின் செல்களுக்குள் இருந்த தண்ணீர்தான் சவ்வைத் தாண்டி உப்பிடம் வந்திருக்கிறது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் குடலிலும் இதே கதைதான், பேதி கூடும். ஆகவே அவள் பயம் நியாயமானது.

ஆனால் சரியான அளவில் கரைத்தால் உப்பு குடலுக்குள்ளேயே கிடப்பதில்லை. செல்லின் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு, கனம் 7, 8 நானோமீட்டர்தான். ஆக்சிஜன் அதில் நேராக நுழைந்துவிடும். உப்பில் உள்ள, மின்னூட்டம் கொண்ட சோடியத்தைக் கொழுப்பு விடாது, அதற்குப் புரதத்தால் ஆன வழி வேண்டும். தண்ணீருக்கே அக்வாபோரின் என்று தனிப் புரதம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் நோபல் கிடைத்தது.

சிறுகுடல் செல்களில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும், சர்க்கரையிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே எடுக்கும்: இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ். 1960இல் ராபர்ட் கிரேன் இந்த ஜோடிக் கடத்தலை முதலில் விளக்கினார். உள்ளே வந்த சோடியத்தை, செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் பம்பு, ஏடிபி என்ற செல்லின் எரிபொருளைச் செலவழித்து ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. உப்பு அந்தப் பக்கம் சேரச் சேர தண்ணீரும் பின்னாலேயே போகிறது. மகள் படித்த விதி அப்படியே நிற்கிறது, உப்பு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். காலராவில்கூட இந்த ஒரு வழி கெடுவதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று 1971இல் தெரிந்தது. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நீங்கள் மகள் பக்கத்தில் டம்ளரோடு உட்கார்ந்தீர்களே, அதே வேலைதான்.

பக்கத்து வீட்டு அம்மாவையும் ஒதுக்க வேண்டாம். சர்க்கரை மிதமிஞ்சினால் அதுவும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதிக்கு கூல் டிரிங்க்ஸ், டப்பா ஜூஸ் கொடுக்கக் கூடாது என்பது அதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். பழைய கலவை இதைவிட அடர்த்தி. அதைக் குறைத்த பிறகு குழந்தைகளுக்குப் பேதியும் வாந்தியும் குறைந்தன.

பாக்கெட் வாங்கியதும் எவ்வளவு தண்ணீருக்கு என்று பாருங்கள், 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் வருகிறது. ராத்திரி கடை மூடியிருந்தால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. வாந்தி இருந்தால் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்து, கண் குழிவிழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.